ஷிமானோவிலிருந்து ஸ்ராமுக்கு: ஒரு ரோடு பைக்கின் கியர் மாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் சைக்கிள் குழுவில் எட்டு ஆண்டுகளாக ஓட்டிவரும் ஒரு பெண்ணின் வண்டியில் நடந்த மாற்றம் இது: ஷிமானோ நிறுவனத்தின் கியர் பாகங்களிலிருந்து ஸ்ராம் நிறுவனத்தின் பாகங்களுக்கு. வயது நாற்பதுகளின் நடுவில். வாரத்தில் இரண்டு நாள் சிறு ஓட்டம், ஞாயிறன்று 80 முதல் 100 கிலோமீட்டர் வரை. குழுவின் வண்டிகளைப் பராமரிப்பவன் நான். இதில் நடந்த தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை. அதே மாற்றத்தைச் செய்ய நினைப்பவர்கள் அந்தத் தவறுகளைத் தாண்டிப் போக வேண்டும் என்றுதான் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

வண்டி அலுமினியச் சட்டம், ரிம் பிரேக். கியர் முழுவதும் ஷிமானோவின் 105 வரிசை. பின்னால் பத்துப் பல் சக்கரங்கள் கொண்ட அடுக்கு, அதாவது கேசட், 12–27: சின்னதில் 12 பற்கள், பெரியதில் 27. முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு செயின்வீல். கியர் கேபிள்கள் லீவரின் பக்கவாட்டிலிருந்து வெளியே வளைந்து வரும் பழைய தலைமுறை. வண்டியில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. வலி அவருடைய விரலில்தான் இருந்தது.

முந்தைய ஆண்டு கீழே விழுந்ததில் வலது ஆள்காட்டி விரலின் நடு மூட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் அந்த மூட்டைப் பக்கவாட்டில் அழுத்தினால் வலி. ஷிமானோவின் இயந்திர லீவரில் லேசான கியருக்குப் போக, பிரேக் லீவரையே முழுதாக உள்பக்கம் தள்ள வேண்டும். பிரேக்கையும் கியரையும் ஒன்றாக இணைத்த எஸ்.டி.ஐ. லீவர் 1990-இல் வந்ததிலிருந்து அடிப்படை இதுதான்: பெரிய லீவர் கேபிளை இழுக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் சிறிய லீவர் விடுவிக்கும். ஏற்றங்கள் நிறைந்த ஞாயிறு ஓட்டத்தில் இந்தப் பக்கவாட்டுத் தள்ளல் நூறு தடவைக்கு மேல் வரும். 40 கிலோமீட்டர் தாண்டினால் விரல் வீங்கத் தொடங்கிவிடும் என்றார்.

மாற்று வழிகளை எடைபோட்டது

குழுவில் வேறொருவரின் ஸ்ராம் வண்டியை ஒரு நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஸ்ராமின் டபுள்டேப் லீவரில் பிரேக் லீவர் பக்கவாட்டில் அசைவதே இல்லை. அதன் பின்னால் ஒரே ஒரு சிறு தகடு. கொஞ்சம் தள்ளினால் கனமான கியர், இன்னும் ஆழமாகத் தள்ளினால் லேசான கியர். அந்தத் தகட்டை நடுவிரலாலும் மோதிர விரலாலும் தள்ள முடிந்தது. ஆள்காட்டி விரல் ஓய்ந்திருந்தது. காரணம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் பிராண்டு மாற்றுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் வரவில்லை. பொதுவாக, பெயருக்காகவும் பளபளப்புக்காகவும் மாற்ற வருபவர்களை நான் தடுப்பேன்.

இன்னொரு நிறுவனமான கேம்பக்னோலோவையும் பேசினோம். அதில் கனமான கியருக்குக் கட்டைவிரல், லேசான கியருக்கு விரல் லீவர்; பிரேக் லீவர் அதிலும் அசையாது. ஆனால் அவர்களுடைய 10 கியர் கேசட்டில் பல் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் வேறு. கேசட் ஏறி அமரும் ஃப்ரீஹப்பின் வரிப்பள்ளங்களும் வேறு. பின்சக்கரத்தில் கை வைக்காமல் முடியாது. பட்டனைத் தொட்டால் மாறும் மின்னணுக் கியர் விரலுக்கு இன்னும் இதமாக இருந்திருக்கும். அதற்கு வண்டியில் பாதியையாவது மாற்ற வேண்டும். வழியில் பழுதானால் கையில் இருக்கும் சாவியால் சரிசெய்ய முடிகிற வண்டிதான் வேண்டும் என்று அவர் உறுதியாகச் சொன்னார். நியாயமான காரணம். ஸ்ராம் 10 கியர் என்று முடிவானது.

முதல் முயற்சி: லீவர் மட்டும்

இங்கேதான் முதல் பிசகு. பயன்படுத்திய ஸ்ராம் லீவர் ஒரு ஜோடி கிடைத்ததும் அவரே வாங்கிவிட்டார். இரண்டும் 10 கியர்தானே, லீவரை மட்டும் மாற்றிவிடலாம் என்று எண்ணம். நான் ஊரில் இல்லாத வாரம் அது. தொலைபேசியில் கேட்டபோது, "மாட்டிப் பாருங்கள், வந்து சரிசெய்கிறேன்" என்று அசட்டையாகச் சொல்லிவிட்டேன். குழுவின் இன்னொரு உறுப்பினர் மாட்டிக் கொடுத்தார்.

நான் வந்து ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தேன். சின்னப் பல் சக்கரத்திலிருந்து முதல் கிளிக்கில் செயின் அடுத்ததற்கு ஏறியது, ஆனால் அதற்கும் அப்பால் இருப்பதோடு உரசியது. இரண்டாவது கிளிக்கில் இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவில் தத்தளித்தது. மூன்றாவது கிளிக்கில் அமைதியாக, சுத்தமாக அமர்ந்தது. எண்ணிப் பார்த்தால் மூன்று கிளிக்குக்கு நான்கு பல் சக்கரம் தாண்டியிருந்தது. கேபிள் இறுக்கத்தை எத்தனை தடவை திருகினாலும் இதே ஒழுங்குதான், வேறு இடத்தில் தொடங்கியது, அவ்வளவே.

மூன்றுக்கு நான்கு என்பது தற்செயல் இல்லை. ஷிமானோவின் 10 கியர் ரோடு லீவர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.3 மி.மீ. கேபிளை இழுக்கும். அந்தத் தலைமுறை ஷிமானோ பின் டீரெய்லர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பொறி, 1 மி.மீ. கேபிளுக்குச் சுமார் 1.7 மி.மீ. நகரும். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 3.9 மி.மீ. 10 கியர் கேசட்டில் ஒரு பல் சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் 3.95 மி.மீ. பொருந்துகிறது.

ஸ்ராம் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. லீவர் சுமார் 3.1 மி.மீ. இழுக்கும், டீரெய்லர் 1.3 மடங்குதான் நகரும். இதுவும் 4 மி.மீ.யை ஒட்டியே வரும். கேபிள் நீளமாக இழுபடுவதால் உறையில் சேரும் அழுக்கும் சிறு தளர்வும் கியரை அவ்வளவாகக் கலைக்காது. அந்த அணுகுமுறையின் பலன் அது. இப்போது ஸ்ராம் லீவரை ஷிமானோ டீரெய்லரோடு கட்டினால் 3.1 பெருக்கல் 1.7, அதாவது ஒரு கிளிக்குக்கு 5.3 மி.மீ. மூன்று கிளிக்கில் கிட்டத்தட்ட 15.8. அது 3.95-ஐப் போல் சரியாக நான்கு மடங்கு. ஸ்டாண்டில் நான் பார்த்தது இந்தக் கணக்கைத்தான்.

இதை முன்பே காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு வார அலைச்சல் மிச்சம். அந்த வாரத்தில் அவர் அந்த வண்டியை ஓட்டவும் செய்தார் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. டீரெய்லர் கடைசிப் பல் சக்கரத்தைத் தாண்டாமல் தடுக்கும் எல்லைத் திருகு சரியாக இருந்ததால் செயின் ஆரக்கம்பிக்குள் போகவில்லை.

இரண்டாவது முடிவு: எது எதோடு கட்டுப்பட்டது

உட்கார்ந்து ஒரு தாளில் வண்டியின் பாகங்களை எழுதினேன். ஒன்றோடொன்று பிரிக்க முடியாதவை எவை, பிராண்டு பார்க்காதவை எவை என்று.

பின் டீரெய்லரும் வலது லீவரும் பிரிக்க முடியாத ஜோடி. ஆகவே ஸ்ராம் பின் டீரெய்லர் வாங்கியே ஆக வேண்டும். செயின் தளராமல் இழுத்துப் பிடிக்கும் அதன் கீழ்ப்பகுதியான கூண்டு எந்த நீளம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு: முன்னால் 50-க்கும் 34-க்கும் வித்தியாசம் 16, பின்னால் 27-க்கும் 12-க்கும் 15, கூட்டினால் 31 பற்கள். அந்தத் தளர்வைச் சுருட்டிப் பிடிக்கிற கூண்டு வேண்டும். விளிம்பில் நிற்க வேண்டாம் என்று நடுத்தரக் கூண்டு எடுத்தோம்.

முன் டீரெய்லருக்கு இடம் இரண்டே. அதனால் இழுவை கொஞ்சம் மாறினாலும் பொறுத்துக்கொள்ளும். பலர் கலந்தே ஓட்டுகிறார்கள். ஆனாலும் செயின் தகட்டில் உரசாமல் இருக்க லீவரில் தரப்பட்டிருக்கும் அரைக் கிளிக், பழைய டீரெய்லரில் தப்பான இடத்தில் வந்தது. அதையும் மாற்றினோம்.

பிரேக் காலிப்பர்கள், அதாவது ரிம்மைக் கவ்வும் பிடிகள், பழைய இழுவை அளவைச் சேர்ந்தவை. ஸ்ராம் லீவரோடு பிடி நன்றாக இருந்தது. அவற்றை விட்டுவிட்டோம். பிற்காலத்தில் ஷிமானோ பிரேக் இழுவையையும் மாற்றியது. புதிய காலிப்பர் வைத்திருப்பவர்கள் லீவரை மாற்றும் முன் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பெடல் மாட்டும் கிராங்க், அதன் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட், சக்கரங்கள் எதையும் தொடவில்லை. ஷிமானோ கிராங்கின் அச்சு 24 மி.மீ. ஸ்ராமின் ஜி.எக்ஸ்.பி. என்ற வகை அச்சு வலப்பக்கம் 24, இடப்பக்கம் 22. கிராங்கை மாற்றினால் பேரிங்கும் சேர்ந்து மாறும். கியர் விழுவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எல்லாம் ஒரே பெயரில் இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லாதது நல்லதாயிற்று.

கேசட் அப்படியே இருக்கலாம், ஏனென்றால் 10 கியரில் ஷிமானோவுக்கும் ஸ்ராமுக்கும் பல் இடைவெளி ஒன்றே. ஃப்ரீஹப்பும் அதுவே. செயினில் 12 அங்குலத்துக்கு வர வேண்டிய ஊசிகளை இரும்பு அளவுகோலில் வைத்துப் பார்த்தேன்; அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் நீண்டிருந்தது. அரை சதவீதம் தாண்டிவிட்டது. புதுச் செயின் போட முடிவு செய்தோம்.

பொருத்தியதும் தொடர்ந்து வந்த சிக்கல்களும்

பழைய ஷிமானோ லீவரில் கியர் கேபிள் காற்றில் வளைந்து போகும். ஸ்ராமில் கியர், பிரேக் இரண்டு கேபிளும் கைப்பிடி நாடாவுக்குள்ளேயே ஓடும். ஆகவே பழைய உறைகளின் நீளம் எதற்கும் உதவாது. கியருக்கு 4 மி.மீ. உறை, பிரேக்குக்கு 5 மி.மீ. உறை எனப் புதிதாகவே வெட்டினேன். கியர் உறையின் உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் உறையில் சுருளாக ஓடும். அவசரத்தில் கியர் உறையை பிரேக்குக்கு மாட்டினால் அழுத்தத்தில் வெடித்துவிடும். பட்டறையில் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

மாட்டி முடித்ததும் இருபுறமும் கியர் அழகாக ஏறி இறங்கியது. ஆனால் 15, 16 பல் சக்கரங்களில் மட்டும் ஒரு கரகரப்பு. இரண்டு மாலை கேபிளைத் திருகியே கழித்தேன். புதிய பாகத்தின் மேல் சந்தேகம் வந்தது. கடைசியில் டீரெய்லர் தொங்கும் காதை, அதாவது ஹேங்கரை, அளவுக் கம்பி வைத்துப் பார்த்தேன். ரிம்மின் விளிம்பில் மேலுக்கும் கீழுக்கும் 9 மி.மீ. வித்தியாசம். 4 மி.மீ.க்குள் இருந்தால் போதும் என்பது பட்டறை வழக்கு. விரல் உடைந்த அதே விழுதலில் ஹேங்கரும் வளைந்திருக்க வேண்டும். ஓராண்டாகப் பழைய டீரெய்லர் அதைச் சமாளித்து ஓடியிருக்கிறது. நிமிர்த்தியதும் கரகரப்பு போய்விட்டது.

அடுத்தது கேசட். ஸ்டாண்டில் ஒன்றும் தெரியவில்லை. சாலையில் அவர் எழுந்து நின்று மிதித்ததும் 17, 19 பல் சக்கரங்களில் செயின் வழுக்கியது. அவர் அதிகம் ஓட்டுவது அந்த இரண்டில்தான். பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த பற்களில் புதுச் செயின் அமரவில்லை. கேசட்டும் மாறியது. எந்த பிராண்டும் பொருந்தும் என்பதால் கையில் கிடைத்ததை எடுத்தோம். ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்: அதே 12–27. லீவர் மாறுகிற அதே வாரத்தில் கியர் விகிதமும் மாறினால், எதனால் எது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏற்றத்தில் விழுந்தது

வண்டி சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். மூன்றாவது ஞாயிறு, ஒரு நீண்ட ஏற்றத்தின் பாதியில் அவர் நின்ற நிலையிலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். முழங்கை சிராய்ந்தது. பின்னால் வந்தவர் விலகிவிட்டார். அருகே போனதும் அவர் சொன்னது: "லேசாக்கத்தான் தள்ளினேன் அண்ணா, கனமாயிடுச்சு."

அவர் ஏற்கெனவே 27-இல், கடைசிப் பல் சக்கரத்தில் இருந்திருக்கிறார். மூச்சு வாங்கும்போது அது நினைவில் இருக்காது. இன்னும் ஒன்று இருக்கும் என்று நம்பித் தகட்டை ஆழமாகத் தள்ளியிருக்கிறார். ஷிமானோ லீவரில் இப்படிச் செய்தால் லீவர் முட்டி நிற்கும், வேறெதுவும் ஆகாது. டபுள்டேப்பில் வழி வேறு. எந்த ஆழத் தள்ளலும் முதலில் குட்டித் தள்ளலைக் கடந்துதான் போக வேண்டும். மேலே ஏற இடமில்லாதபோது தகட்டை விட்டதும் கேபிள் ஒரு கிளிக் தளரும். செயின் 27-லிருந்து 24-க்கு விழும். 34 பல் செயின்வீலில் இது 12 சதவீதம் கனம். நிமிடத்துக்கு 50 சுற்றுகூட இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தவருக்கு அதுவே போதும், கால் நின்றுவிட்டது. காலணியைப் பெடலோடு பூட்டும் கிளீட்டைக் கழற்ற நேரமில்லை.

ஆழம் போதாமல் பாதியில் விட்டாலும் இதே கதைதான்: லேசுக்குத் தள்ளியது கனத்தில் முடியும். இந்த லீவர் வேலை செய்யும் முறையே அது, குறையில்லை. பழகியவர்கள் ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக ஓட்டுகிறார்கள். குறை நான் வண்டியைக் கொடுத்த விதத்தில். டீரெய்லருக்குக் கணக்குப் போட்டேன், கேபிளுக்கு அளவு பார்த்தேன், எட்டு ஆண்டு ஒரே அசைவுக்குப் பழகிய கைக்கு எதையும் சொல்லித்தரவில்லை. குட்டித் தள்ளலுக்குக் கனமான கியர் என்பது இரண்டு பிராண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது என்னை ஏமாற்றிவிட்டது. பாதி ஒத்துப்போனால் மீதியும் தானாக வந்துவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு செய்தது

இரண்டு வாரம் குழு ஓட்டத்துக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், வருத்தம்தான், ஒப்புக்கொண்டார். வீட்டில் வண்டியை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் பின்சக்கரத்தைப் பூட்டி, கண்ணை மூடிக்கொண்டு கியர் மாற்றும் பயிற்சி. முதல் கிளிக்கைக் கேட்டுவிட்டு நிற்காமல் இரண்டாவது கிளிக் வரை போவது. கடைசிப் பல் சக்கரத்தில் வேண்டுமென்றே தள்ளி, கனமாவதைக் காலால் உணர்வது. இந்த இரண்டாவதுதான் பலன் தந்தது. பாதுகாப்பான இடத்தில் நாலைந்து தடவை அனுபவித்தபின் கை தானாக எச்சரிக்கையாகிவிட்டது.

சாலைக்கு இன்னொரு பழக்கம்: ஏற்றம் தொடங்கும் முன்பே ஒரு தடவை குனிந்து அக்குளுக்குக் கீழாகக் கேசட்டைப் பார்ப்பது, மேலே எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொள்வது. மூச்சு வாங்கும் முன்பே எண்ணிவிட வேண்டும்.

லீவரின் உயரத்தையும் கொஞ்சம் மாற்றினோம். ஸ்ராமின் கைப்பிடித் தலை வேறு வடிவம் என்பதால் பழைய அளவில் வைத்தது மணிக்கட்டை வளைத்தது. 5 மி.மீ. மேலேற்றியதும் சரியானது.

விளைவு

ஏழு மாதம் ஆகிறது. விரல் வீக்கம் இப்போது 100 கிலோமீட்டர் ஓட்டத்தின் முடிவில்கூட வருவதில்லை. குளிர்ந்த காலையில் மட்டும் மூட்டு இறுகுகிறது, அது கியரால் அல்ல. அந்த ஒரு விழுதலுக்குப் பின் ஏற்றத்தில் தவறான கியர் இரண்டு தடவை விழுந்ததாகச் சொன்னார். இரண்டு தடவையும் உடனே சமாளித்துவிட்டார். அவசரத்தில் பிரேக் லீவரைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும் பழைய பழக்கம் நான்காவது மாதம் வரை எட்டிப் பார்த்தது.

மறுபடி செய்தால்

லீவர் வாங்கும் முன்பே பாகங்களின் தாளை எழுதுவேன். பத்து நிமிட வேலை. செயினையும் கேசட்டையும் அன்றே அளப்பேன். விழுந்த வண்டி என்று தெரிந்தால் வேறெதையும் தொடும் முன் ஹேங்கரைப் பார்ப்பேன். இரண்டு மாலையை ஒரு நல்ல டீரெய்லரைச் சந்தேகிப்பதில் வீணாக்க மாட்டேன். வண்டியைச் சாலைக்கு அனுப்பும் முன் டிரெய்னர் பயிற்சியை முடிக்கச் சொல்வேன். தொலைபேசியில் "மாட்டிப் பாருங்கள்" என்று சொல்ல மாட்டேன்.

குழுவில் வேறு இருவர் டிஸ்க் பிரேக் வண்டியில் இதே மாற்றத்தைப் பற்றிக் கேட்டார்கள். அங்கே கணக்கு இன்னும் கடுமை. ஷிமானோவின் ரோடு டிஸ்க் பிரேக்கில் மினரல் ஆயில். ஸ்ராமின் ரோடு பிரேக்கில் டாட் (DOT) எனப்படும் வேறு வகை பிரேக் திரவம். ஒன்றின் ரப்பர் முத்திரைகளை மற்றதன் திரவம் ஊறவைத்துக் கெடுக்கும். லீவரை மட்டும் மாற்றி காலிப்பரை விட்டுவைக்க அங்கே வழியில்லை. ஒரே குழாயில் கலப்பது பிரேக்கையே கையை விடச் செய்யும். 12 கியரில் 10 பல் சின்னச் சக்கரத்தோடு வரும் ஸ்ராம் கேசட்டுக்கு எக்ஸ்.டி.ஆர். என்ற தனி ஃப்ரீஹப் வேண்டும், ஆகவே சக்கரமும் கணக்கில் வந்துவிடும். இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: இப்போது இருப்பதில் எது உங்களுக்கு இடைஞ்சல்? ஒருவரிடம் பதில் இருந்தது. மற்றவருக்கு கேபிளும் உறையும் மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.

பழைய 105 லீவர்களையும் பின் டீரெய்லரையும் அவர் குழுவுக்கே கொடுத்துவிட்டார். புதிதாக ஓட்ட வந்த ஓர் இளைஞரின் வண்டிக்குப் போகின்றன. இரண்டையும் ஒரே பையில் போட்டு, பிரிக்க வேண்டாம் என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன், கீழே 2.3, 1.7, 3.95 என்ற மூன்று எண்களும் இருக்கின்றன.